ஒன்றரை அங்குல வீடு

கறுப்புத் தாள் ஒட்டாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த அட்டை வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, ஆள் இல்லை, ஒன்றரை அங்குலம் தள்ளி எங்கள் ஃபிளாட்டின் சுவர்தான் இருக்கிறது என்பது பார்க்கிற எவருக்கும் தெரிந்துபோகும். கறுப்பாக இருந்தால் உள்ளே இருட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். பகலில் தெருவிலிருந்து பார்த்தால் எந்த வீட்டு ஜன்னலும் இருட்டுதான். பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் வரைபடம் போட்டவனுக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்க அறுபத்தேழு வயதாக வேண்டியிருந்தது. போகட்டும். மணி இரண்டு இருபது. பசை காய ஒரு மணி நேரம், அப்புறம் கூரைக்கு ஓடு, கதவுக்கு நீலம், சுவருக்குக் கரி. நாலரைக்குச் சுலோ வருகிறாள். சுலோச்சனா, என் ஒரே தங்கை, பதினோரு வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காதவள். அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குத் தட்டு வைத்துப் பத்திரிகை கொடுக்காமல் இருந்தால் ஊர் கேட்கும், அதற்காக வருகிறாள். வருவாள், தட்டை நீட்டுவாள், நின்றபடியே போய்விடுவாள். அப்படித்தான் நடக்கும் என்று மரகதம் காலையிலேயே சொல்லிவிட்டாள். என் மனைவி எதையும் நல்லவிதமாக நினைத்து ஏமாறுகிற ரகம் இல்லை. எனக்குத்தான் ஒரு நப்பாசை. நாங்கள் வளர்ந்த வீட்டை இந்தப் பலகையின்மேல் பார்த்துவிட்டால் சுலோ ஐந்து நிமிஷம் உட்காருவாள். உட்கார்ந்தால் ஒரு காபி குடிப்பாள். இந்த வீட்டில் அவள் ஒரு காபி குடிக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மரகதம் இவற்றை மூஞ்சி வீடு என்கிறாள். முதல் வீட்டை ஒட்டி முடித்த அன்று வந்து பார்த்துவிட்டு, "மூஞ்சி மட்டும் கட்டிட்டா போதுமா? குடித்தனம் எங்க பண்றது?" என்று கேட்டாள். பொறுமையாகத்தான் சொன்னேன். பால்கனியை அடைத்துச் செய்த அறை, அதில் எட்டடிக்கு இரண்டடி பலகை, பலகையைச் சுற்றிப் பொம்மை ரயில் தண்டவாளம், தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டே அங்குலம், அதில் முழு வீட்டை எங்கே கட்டுவது? அதனால் முகப்பு, முகப்புக்குப் பின்னால் பேருக்கு ஒன்றரை அங்குலம், அவ்வளவுதான். ரயில் ஓடும்போது கண் ரயில்மேல் இருக்கும், வீடு ஓரக்கண்ணில் பட்டால் போதும். எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறரை அடிக் கதவு இருபத்து மூன்று மில்லிமீட்டர். எங்கள் அப்பா இதில் வந்து நின்றால் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பார், அவ்வளவு கம்பீரமான மனுஷன். நான் ஓய்வுபெற்ற வருஷம் மகன் ஜெர்மனியிலிருந்து இந்த ரயிலை அனுப்பினான், அப்பா சும்மா உட்கார்ந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று. மஞ்சளும் நீலமுமாக வந்த பெட்டிகளையெல்லாம் துருச் சிவப்பாக்கிச் சரக்கு வண்டியாக்கினேன். கடைசிப் பெட்டியின் ஓரத்தை வெட்டித் திண்ணை வைத்து கார்டு பெட்டியாக்கினேன். அப்பா குட்ஸ் கார்டு, சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாகப் போகிறவர். அவருக்கு ஒரு பெட்டி இல்லாமல் எப்படி? சுவருக்குப் பட்டுப்புடவை வந்த அட்டைப்பெட்டி, அதைப்போல விறைப்பான அட்டை கடையில் கேட்டாலும் கிடைக்காது. கூரைக்கு கூரியர் பெட்டி. மேல்தாளில் தண்ணீர் தடவி உரித்தால் உள்ளே அலை அலையாக வரும், பட்டை பட்டையாக நறுக்கி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் நாட்டு ஓடு. கரிக்காக மரகதத்தின் கண்மை டப்பாவும் இங்கேதான் இருக்கிறது. அவள் தேடட்டும்.

கரி சரியாக விழ வேண்டும். கூரை இறவாணத்துக்குக் கீழே கனமாக, கீழே வர வர லேசாக. எங்கள் ஊர் ஜோலார்பேட்டையில், எஞ்சின் புகையில், வெள்ளை அடித்த சுவர் ஒரு மாசம் வெள்ளையாக இருந்தால் அதிகம். எங்கள் வாடகை வீட்டு வரிசை ஸ்டேஷனைத் தாண்டி மேற்கே, ஒரே நீளச் சுவரில் ஆறு வீடு, வீட்டுக்குப் பன்னிரண்டடி அகலம். இந்தக் கணக்கில் ஆறும் சேர்ந்து பத்து அங்குலம்தான் வருகிறது. மெட்ராஸில் படிக்க வந்த பிறகு நூறு தடவையாவது ஊருக்குப் போயிருப்பேன், ஒரு தடவைகூட ரயிலிலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. கிழக்கேயிருந்து வருகிறவன் ஸ்டேஷனோடு இறங்கிவிடுவான், வீடு அதற்கு அப்பால். மேற்கேயிருந்து வருகிற சரக்கு வண்டிகள்தான் வீட்டை உரசிக்கொண்டு ஸ்டேஷன் யார்டுக்குள் நுழையும். எங்களுடையது நாலாம் நம்பர் வீடு. நீலக் கதவு. கதவுக்கு வலதுபக்கம் ஜன்னல், ஐந்து கம்பி, நடுக்கம்பி கொஞ்சம் வளைந்திருக்கும். அந்த வளைவைக்கூட வைத்திருக்கிறேன், தையல் ஊசியைச் சூடு காட்டி வளைத்தேன். அந்த ஜன்னலடியில்தான் என் மேஜை. ஐந்தாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை அந்த ஐந்து கம்பி வழியாகத் தெருக்குழாயையும் புங்கமரத்தையும் குடத்துக்குச் சண்டை போடுகிறவர்களையும் பார்த்துக்கொண்டே படித்தேன். பின்கட்டுப் பக்கம் எனக்கு வேலையே இல்லை. "படிக்கிற புள்ளைக்குக் கரித்தூசி ஆகாது, கதவச் சாத்துடி" என்று அம்மா சுலோவைச் சத்தம் போடுவாள். நடுக்கதவு சாத்தியிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் அடுப்பு, அதையும் தாண்டி முற்றம், துவைக்கிற கல், அப்புறம் தண்டவாளம். சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வரும். வண்டி வரும்போது மேஜைமேல் மைப்புட்டி நடுங்கும், நான் ஒரு கையால் புட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதுவேன். இப்போதும் வண்டி ஓடும்போது என் இடது கை தானாகவே எதையாவது போய்ப் பிடித்துக்கொள்கிறது. மரகதம் பார்த்தால் சிரிப்பாள்.

சுலோவுக்கு அப்போது ரயில் பைத்தியம். என்னைவிட ஏழு வயது சின்னவள். சோற்றில் கை வைத்திருப்பாள், மேற்கே எஞ்சின் கூவும், அப்படியே எழுந்து பின்பக்கம் ஓடுவாள். அம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் எனக்கு எரிச்சல். நான் சாப்பாட்டில் பாதியில் எழுந்தால் விடுவாளா? திரும்பி வரும்போது சுலோவின் கையெல்லாம் ஈரமாக இருக்கும், சவர்க்கார வாசனை அடிக்கும். எப்போது பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்குத் துணி உலர்த்துகிற வேலை. பாவம் என்று நினைத்திருக்கிறேனா? இல்லை. நினைத்ததில்லை. எனக்குப் பரீட்சை இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னால் எனக்கு டைஃபாய்டு வந்தது, அது நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு அப்பா யூனிஃபாரத்தோடு, கையில் பெட்டியும் விளக்குமாக நேரே என் கட்டிலுக்கு வந்து நின்றார். எப்போதும் வண்டியிலிருந்து இறங்கினால் கையெழுத்துப் போட்டு, கார்டுகள் தங்கும் ரன்னிங் ரூமில் குளித்து, டீ குடித்து, நாலு பேரோடு பேசிவிட்டுச் சாவகாசமாக வருகிற மனுஷன். அன்றைக்கு மூச்சு வாங்க வந்தார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பையனுக்கு அப்பா வருவதில் ஆச்சரியம் என்ன? அப்பாக்களுக்குத் தெரியும், வருவார்கள். அவர் நெற்றியில் வைத்த கையில் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. இந்த அட்டை வீட்டில் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன், அந்த நாற்றத்தை எதைக் கலந்து பூசுவது?

ஓட்டுக்குச் சிவப்பைக் குழைத்தேன். குழைத்ததும் அது வந்துவிட்டது. எதற்குச் சிவப்பை எடுத்தாலும் வருகிறது, தக்காளி நறுக்கினாலும் வருகிறது. சிவப்புத் துண்டு. இதே பால்கனி, பதினோரு வருஷம் முன்னால், அப்போது அடைக்கவில்லை, கம்பி மட்டும் இருந்தது. எங்களோடு இருக்க வந்த அம்மா அந்தக் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டியிருந்தாள், சொட்டச் சொட்ட. கீழ்வீட்டு அம்மாள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள். நான் ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதை அவிழ்த்துப் பிழிந்து ஹாலில் துணி ஸ்டாண்டில் போட்டுவிட்டு, "இது இன்னா ஜோலார்பேட்டைன்னு நெனச்சியா?" என்று கேட்டேன். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று ஆபீஸில் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து, வீடு திரும்ப ஒன்பதரை ஆனது. அதற்கு நாலாவது நாள் அம்மா போய்விட்டாள். ஒரு துண்டுக்கு இத்தனை வருஷம் எதற்கு மனசில் இடம் என்று தெரியவில்லை. நான் அம்மாவை அதைவிட மோசமாக எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அதெல்லாம் மறந்துபோயிற்று, இது மட்டும் ஈரமாக அப்படியே தொங்குகிறது. நல்லதற்குத்தானே அழைத்து வந்தேன்? அப்பா போய் ஒன்பது வருஷம் அங்கே தனியாக இருந்தாள். ராத்திரி பகல் இல்லாமல் இரைச்சல், அதிர்வு, புகை போய் டீசல் வந்தாலும் அழுக்கு போகவில்லை. சுலோ பக்கத்திலே திருப்பத்தூரில் டீச்சராக இருந்தாள், வாரா வாரம் போவாள். "அங்கியே இருக்கட்டும்ணா, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் கேட்கவில்லை. மூத்தவன் நான், மூன்றாவது மாடி, லிஃப்ட், காற்று, அமைதி. வந்த முதல் நாள் அம்மா அறை அறையாக நடந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "துணி எங்கப்பா காயப்போடறது?" மடக்கு ஸ்டாண்டைக் காட்டினேன். ஹாலுக்குள்ளேயே, மின்விசிறிக்குக் கீழே. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். எட்டு மாசம்தான் இங்கே இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யாரோ ஒரு உறவுக்காரரிடம், "கடைசிக் காலத்துலயாவது அந்தச் சத்தத்துலேர்ந்து அம்மாவுக்கு விடுதலை குடுத்தேன்" என்று சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த சுலோ கரண்டியை வாளியில் போட்டாள். "உனக்கு அம்மாவப் பத்தி இன்னாண்ணா தெரியும்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். "இந்த வூட்ல இனிமே ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஈரக்கையோடு படியிறங்கிப் போனாள். இன்னாண்ணா தெரியும். பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு மோர்க்குழம்பு பிடிக்கும். அம்மாவுக்கு இடி என்றால் பயம். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். அம்மா என்னை நன்றாகப் படிக்க வைத்தாள். அப்புறம்? அப்புறம் நடுக்கதவு சாத்தியிருக்கிறது. "ஏங்க, பாலு இன்னொரு பாக்கெட் வாங்கி வைக்கட்டுமா?" என்று மரகதம் கேட்கிறாள். வை என்கிறேன். "அவ குடிக்கலன்னா?" "தயிருக்கு ஊத்து." "இப்பவே சொல்லிட்டேன், அவ நின்னுகிட்டேதான் போவா. அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. ஏற்கெனவே ஆறு மூஞ்சி இருக்குது இந்த ரூம்ல." தூரிகையைக் கழுவினேன்.

ஒன்றரை அங்குலத்தில் வெயில் தானாக நிழல் போடாது, நாம்தான் போட வேண்டும். இறவாணத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, ஜன்னல் சட்டத்துக்கு இடப்பக்கம் ஒன்று, கதவு நிலைக்கு உள்ளே இன்னும் அழுத்தமாக ஒன்று. ஆறு வீட்டுக்கும் வெயில் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும், இரண்டு நிழல் இரண்டு பக்கம் போனால் ஏன் என்று தெரியாமலே பார்க்கிறவன் நம்பமாட்டான். ஆபீஸில் நான் போட்ட முகப்புத் தோற்றங்களுக்குப் பேர் உண்டு. தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, சப்-ஜெயில், எதுவானாலும் முகப்பை ஏகாம்பரத்திடம் கொடு என்பார் எஞ்சினியர். மந்திரி திறந்து வைக்கிறது அந்தப் பக்கம்தானே. பின்புறத் தோற்றத்தை யாரும் கேட்கமாட்டார்கள், நேரமிருந்தால் போடுவோம், இல்லாவிட்டால் நாலு கோடு இழுத்து ஜன்னல் என்று எழுதிவிடுவோம். நீலம் காய்ந்துவிட்டது. நாலாம் நம்பரைத் தூக்கி மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் செருகினேன். மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. விசையைத் தள்ளினேன், சரக்கு வண்டி கிளம்பியது, ஆறு முகப்புக்கும் முன்னால் துருச் சிவப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, கடைசியில் அப்பாவின் பெட்டி. நன்றாக இருந்தது. கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நன்றாக இருந்தது. ஆனாலும் எங்கேயோ இடித்தது. நிழலா? சரிதான். கரியா? சரிதான். கம்பி ஐந்து. இன்னொரு சுற்று விட்டேன். அப்பாவின் பெட்டி நீலக் கதவைக் கடக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது, பல்லிடுக்கில் சிக்கினதுபோல, நாக்கு போய்ப் போய்த் தடவுகிறது, வரமாட்டேன் என்கிறது. அழைப்பு மணி அடித்தது. நாலு பத்துதான் ஆகிறது. சுலோ எதிலும் முந்திக்கொண்டு வருகிறவள்.

தலை முழுக்க நரைத்திருந்தாள். அதற்கு நான் தயாராக இல்லை. முகத்தில் அம்மாவின் தாடை வந்திருந்தது. தட்டில் வெற்றிலை, பழம், பூ, நடுவே பத்திரிகை. மரகதத்துக்குக் குங்குமம் கொடுத்தாள், எங்கள் இருவரிடமும் தட்டை நீட்டினாள். "அவசியம் வரணும்ணா. மாமன் மாலை நீதான் போடணும்" என்றாள், எங்கேயோ எழுதி வைத்ததைப் படிப்பதுபோல. "உக்காரு சுலோ" என்றாள் மரகதம். "இல்லண்ணி, இன்னும் மூணு வூடு இருக்குது." சொன்னபடியே, நின்றபடியே. செருப்பைத் தேடக் குனிந்தாள். சொல்ல நினைத்து வைத்திருந்த எதுவும் வரவில்லை, "சுலோ, ஒண்ணு பாத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன், பின்னாலேயே வந்தாள். விசையைத் தள்ளினேன். அவள் கை ஒருதரம் வாய்க்குப் போனது. "நம்ம வூடு" என்றாள். குனிந்தாள், கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு கம்பியை எண்ணினாள், நடுக்கம்பி வளைவைப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டாள். எனக்கு அந்த நிமிஷத்தில் பதினாறு வயது. மரகதம் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. சுலோ மறுபடி குனிந்து, வண்டி போவதையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "இன்னாண்ணா, திருப்பி வச்சிருக்கே?" எதை என்றேன். "வூட்டத்தான். ரயிலுப் பக்கம் பின்கட்டுதானே? கார்டு பெட்டியில நின்னு பாக்கற மனுஷனுக்கு வாசக்கதவு எப்பிடித் தெரியும்?"

நாக்கில் தட்டுப்பட்டது இதுதான். ஆறு மாசம் உட்கார்ந்து அறுத்து ஒட்டிக் கரி பூசி, ஆறு வீட்டையும் திருப்பி வைத்திருக்கிறேன். ஊரில் ஒரு கொத்தனார்கூடச் செய்யமாட்டான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நாலாம் நம்பரை உருவித் திருப்பிச் செருகினேன். பின்னால் ஒன்றுமே இல்லை. புடவைப் பெட்டியின் வெள்ளை அட்டை, பென்சிலில் நான் போட்ட அளவுகள், ஓரத்தில் பசை வழிந்த தடம். "இந்தப் பக்கம் எனக்கு ஞாபகமே இல்ல சுலோ" என்றேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள்! "பென்சில் குடு." டீச்சர் கை, கோடு நடுங்காமல் விழுந்தது. இங்கே பின்கதவு, தகரம் அடித்தது. இங்கே சமையலறைப் புகைபோக்கி. இங்கே துவைக்கிற கல். இங்கே ரெண்டு கம்பம், நடுவில் கம்பி, துணிக்கு. மரகதம் காபியைக் கொண்டுவந்து பலகை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். சுலோ அதைப் பார்க்கவில்லை. கம்பத்தை இன்னும் கொஞ்சம் உயரமாக்கினாள். "இது இவ்ளோ ஒசரம் இருந்தாத்தான் வண்டியிலேர்ந்து தெரியும்" என்றாள். எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். அவள் பென்சிலை நிறுத்தினாள். "உனக்கு நெஜமாவே தெரியாதா?"

சொன்னாள். அப்பா வண்டி யார்டுக்குப் போகிற வழியில் வீட்டைக் கடக்கும், நிற்காது, கத்தினாலும் கேட்காது. அதனால் அம்மா துணி போட்டாள். வெள்ளை வேட்டி தொங்கினால் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். பச்சைப் பாவாடை தொங்கினால் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், வரும்போது ஏதாவது வாங்கிக்கொண்டு வா. "செவப்புத் துண்டு போட்டா, எங்கியும் நிக்காத, கையெழுத்துப் போட்டுட்டு நேரா வூட்டுக்கு வா. உனக்கு டைஃபாய்டு வந்தப்ப நான்தான் போட்டேன், எட்டலன்னு கல்லு மேல ஏறி. அப்பா பச்சைக் கொடிய ரெண்டு தரம் ஆட்டுவாரு, பாத்துட்டேன்னு. யாரும் உன்கிட்ட மறைக்கல, நீ படிச்சிகினு இருந்தே." பென்சில் மறுபடி நகர்ந்தது. "அப்பா போனப்பறமும் அம்மா தெனம் ஒரு வெள்ள வேட்டி போடும்ணா. யாருக்கும்மா இதுன்னு கேட்டேன். எந்தக் கார்டாவது பாக்கட்டுமே, அவங்களுக்கும் வூடு இருக்கும்ல, அப்பிடின்னிச்சு. அவங்களும் கொடி ஆட்டுவாங்க. அதுக்குத்தான் அங்கியே இருக்கட்டும்னு சொன்னேன்." எனக்கு அவள் பேசியது பாதிக்குமேல் கேட்கவில்லை. துணி எங்கப்பா காயப்போடறது. ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, நான் பிழிந்தேன், என் கையால் பிழிந்தேன். ஒன்பதரை மணிக்கு வந்தேன். சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. காபியில் ஆடை படிந்துகொண்டிருக்கிறது, இப்போது பேச்சை மாற்றினால், கல்யாண மண்டபம் எங்கே என்று கேட்டால், பேசிக்கொண்டே எடுத்துக் குடித்துவிடுவாள். பதினோரு வருஷமாக நான் கேட்டது அது ஒன்றைத்தான். மண்டபம் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். "அம்மா இங்க செவப்புத் துண்டு கட்டிச்சு சுலோ" என்று வந்தது. "இந்த பால்கனியில. நான் அவுத்துட்டேன். திட்டினேன். அன்னிக்கு லேட்டா வந்தேன்." அதற்குமேல் முடியவில்லை. அறுபத்தேழு வயதில் தங்கை முன்னால் அழுதேன், வெட்கமாகத்தான் இருந்தது, நிற்கவில்லை.

வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. "எப்போ?" என்று கேட்டாள். அம்மா சாவதற்கு நாலு நாள் முன்னால் என்றேன். என்ன கிழமை என்று கேட்டாள். வெள்ளி. சுலோ பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்துகொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன், செருப்பு வாசலில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதுகூட மனசில் ஓடியது. அவள் எழுந்திருக்கவில்லை. "அந்த சனிக்கெழம நான் வரேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள். "பரீட்சை பேப்பரு நெறைய இருந்துச்சு. அடுத்த வாரம் வரேம்மான்னு ஃபோன் பண்ணேன். சரிம்மான்னிச்சு. வேற ஒண்ணும் சொல்லல." அவளும் அதை யாரிடமும் சொன்னதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. பதினோரு வருஷம் அவள் ஒரு வீட்டிலும் நான் ஒரு வீட்டிலுமாக அதே துணியைப் பிழிந்துகொண்டிருந்திருக்கிறோம். நான் அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன், சின்ன வயதில்கூடப் பிடித்ததில்லை, கை போய் வண்டி அதிர்வுக்குப் பலகை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு மேஜையில் தேடினாள். நூல் கேட்டாள், கொடுத்தேன். இரண்டு குண்டூசியை அட்டையில் குத்தினாள், கம்பம். நடுவில் நூலை இழுத்து முடி போட்டாள், கம்பி. மிச்ச நூலைப் பல்லால் அறுத்தாள், அம்மா அறுப்பதுபோல. ஓட்டுக்குக் குழைத்த சிவப்பு கிண்ணத்தில் இன்னும் ஈரமாக இருந்தது. என் கண் அங்கே போனதை அவள் பார்த்துவிட்டாள். இன்னா துணி போடறது என்று என் வாய் கேட்டது. சுலோ என் தோளில் கிடந்த பழைய வேட்டித் துணியை, தூரிகை துடைக்க வைத்திருந்ததை, இழுத்துப் பார்த்து, சாயம் படாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்துக் கத்தரித்தாள். கட்டைவிரல் நகத்தளவு. நூலின்மேல் மடித்துப் போட்டு, இரண்டு விரலால் நீவி விட்டாள். "வெள்ளையே இருக்கட்டும்ணா" என்றாள். "அப்பா பாத்துட்டுக் கவலப்படப் போறாரு." கடைசிப் பெட்டி வந்தது, பின்கட்டைக் கடந்தது, போயிற்று. அவள் அது வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரைத் தொட்டுப் பார்த்து, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அண்ணி, காபி ஆறிப்போச்சு, கொஞ்சம் சுட வச்சுக் குடுங்க."